பிசிடி வாங்கும் முன்: ஜாக்கெட்டா, விங்கா, இல்லை இடுப்பில் கட்டும் ஈயமா?

இந்த வார அத்தியாயத்தின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களையும் நடுவில் வந்த சிரிப்பையும் மட்டும் சுருக்கியிருக்கிறோம். விருந்தினர் பல வருடங்களாக வங்கக் கடல் பக்கமும் அந்தமானிலும் ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர். பேச்சு முழுக்க ஒரே ஒரு கருவியைப் பற்றியது: முதுகில் டேங்கைத் தாங்கி, காற்றை ஊதியும் வெளியேற்றியும் நம்மை ஒரே ஆழத்தில் மிதக்க வைக்கும் பிசிடி.

தொகுப்பாளர்: வணக்கம் நேயர்களே. இந்த எபிசோடுக்கு ஒரு சுயநலக் காரணம் இருக்கு, அதை முதல்லயே சொல்லிடறேன். நான் சொந்தமா ஒரு பிசிடி வாங்கப் போறேன். ஆன்லைன்ல ஒண்ணைத் தேர்ந்தெடுத்து வெச்சாச்சு, பணம் கட்டறது மட்டும்தான் பாக்கி. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுடலாம்னு கூப்பிட்டேன். வாங்கண்ணா.

பயிற்சியாளர்: வணக்கம்மா. என்ன மாடல்னு அப்புறம் பார்ப்போம். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. ஏன் வாங்கணும்னு தோணுச்சு? வாடகைக்குதான் எல்லா டைவ் சென்டர்லயும் குடுக்கறாங்களே.

தொகுப்பாளர்: உண்மையைச் சொல்லணும்னா, பயந்துட்டேன். போன வருஷம் ஒரு டைவ். 12 மீட்டர் ஆழத்துல இருந்தோம். மேல வர ஆரம்பிச்சதும் கொஞ்சம் வேகமாச்சு. காத்தை விடற பட்டனை அழுத்தினேன், நிக்கல. விடாம அழுத்திக்கிட்டே இருந்தேன், அப்பவும் நிக்கல. கார்க் மாதிரி நேரா மேல போயிட்டேன். 5 மீட்டர்ல நிக்கவேண்டிய மூணு நிமிஷமும் நிக்கல. அதுக்கப்புறம் கடல்ல இறங்கவே இல்ல. அந்த வாடகை பிசிடி சரியில்லைனுதான் நல்லதா ஒண்ணு வாங்கணும்னு முடிவு பண்ணேன்.

பயிற்சியாளர்: மேல போறப்போ மூச்சை அடக்கினீங்களா?

தொகுப்பாளர்: இல்ல. பயிற்சியில சொன்னது ஞாபகம் வந்துச்சு. "ஆ"ன்னு சத்தம் வர்ற மாதிரி விட்டுக்கிட்டே போனேன்.

பயிற்சியாளர்: அது உங்களைக் காப்பாத்தியிருக்கு. மேல போகப் போக நுரையீரல்ல இருக்கிற காத்து விரியும். மூச்சைப் பிடிச்சிருந்தா அது நுரையீரலையே கிழிச்சிருக்கும். சரி, அந்த டைவ்ல எவ்வளவு வெயிட் கட்டியிருந்தீங்க?

தொகுப்பாளர்: 9 கிலோ.

பயிற்சியாளர்: என்ன வெட்சூட்?

தொகுப்பாளர்: 3 மில்லிமீட்டர். டேங்க் வழக்கமான அலுமினியம்.

பயிற்சியாளர்: அப்போ கதை வேறம்மா. இன்னைக்கு பிசிடி பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஈயத்தைப் பத்திப் பேசணும்.

இந்தக் கருவி எதுக்கு?

தொகுப்பாளர்: டைவிங் தெரியாத நேயர்களும் கேட்கறாங்க. அடிப்படையில இருந்து வருவோமே.

பயிற்சியாளர்: மன்னார் வளைகுடாவுல முத்துக் குளிச்சவங்களை எடுத்துக்கோங்க. கால்ல கல்லைக் கட்டிக்கிட்டு இறங்குவாங்க. மேல வர, படகுல இருக்கிற ஆள் கயித்தை இழுப்பார். அவங்களுக்கு ரெண்டு வேலைதான்: கீழ போகணும், மேல வரணும். நடுவுல நிக்கற வேலை இல்ல. ஸ்கூபால அதுதான் முக்கிய வேலை. பவளத்துக்கு ஒரு மீட்டர் மேல, தொடாம, முங்காம, மிதக்காம நிக்கணும்.

1943ல குஸ்தோவும் கக்னானும் அக்வாலங் கொண்டுவந்தப்போ இதுக்குன்னு கருவி எதுவும் கிடையாது. துடுப்பை அடிச்சும் மூச்சை வெச்சும்தான் சமாளிச்சாங்க. 1961ல மோரிஸ் ஃபென்சின்னு ஒரு பிரெஞ்சுக்காரர், கழுத்துல மாட்டி நெஞ்சுல தொங்கற மாதிரி ஒரு காத்துப் பை செஞ்சு காப்புரிமை வாங்கினார். 1971ல ஸ்கூபாப்ரோ நிறுவனம் அதைச் சட்டை மாதிரி மாத்திக் கொண்டுவந்துச்சு. இன்னைக்கு வாடகைக்குக் கிடைக்கிற ஜாக்கெட் எல்லாம் அந்த வம்சம்தான்.

தொகுப்பாளர்: ஒரே ஆழத்துல நிக்க ஏன் காத்து தேவைப்படுது? ஒரு தடவை சரியா எடை போட்டுட்டா போதாதா?

பயிற்சியாளர்: போதாது. ரெண்டு விஷயம் மாறிக்கிட்டே இருக்கு. ஒண்ணு, வெட்சூட். அந்த ரப்பருக்குள்ள ஆயிரக்கணக்கான குட்டிக் காத்துக் குமிழ் இருக்கு, அதனாலதான் அது மிதக்குது. கீழ போகப் போக அழுத்தம் அந்தக் குமிழை நசுக்கிடும், சூட்டோட மிதப்பு குறையும். ரெண்டாவது, டேங்க்ல இருக்கிற காத்து. காத்துக்கு எடை கிடையாதுன்னு நினைப்போம். ஆனா ஒரு லிட்டர் காத்து ஒரு கிராமுக்கு மேல இருக்கும். அலுமினியம் 80 டேங்க்ல அடைச்ச காத்து மட்டும் ரெண்டரை கிலோவுக்கு மேல. டைவ் ஆரம்பத்துல அந்த டேங்க் தண்ணிக்குள்ள லேசா முங்கும். காலியாகற நேரத்துல அதே டேங்க் ரெண்டு கிலோ கிட்ட மேல தூக்கும்.

அதாவது ஆழத்துல சூட் நசுங்கி கனமாகறோம், டைவ் போகப் போக டேங்க் காலியாகி லேசாகறோம். இந்த ரெண்டையும் ஈடுகட்டத்தான் பிசிடி. நிறைய பேர் அதை லிஃப்ட் மாதிரி நினைச்சிக்கறாங்க, மேல போக ஊதறது, கீழ வர விடறதுன்னு. அப்படிக் கிடையாது. போற வேலை துடுப்போடது. அங்க நிக்க வைக்கறதுதான் பிசிடியோட வேலை.

12 மீட்டரில் என்ன நடந்தது?

தொகுப்பாளர்: சரி, என் கதைக்கு வாங்க.

பயிற்சியாளர்: உங்க உடம்புக்கு, கடல் தண்ணியில, 3 மில்லிமீட்டர் சூட்டுக்கு 5 கிலோ சுத்தி போதும்னு தோணுது. நேர்ல சோதிச்சுத்தான் உறுதியாச் சொல்ல முடியும். கணக்குக்காக 4 கிலோ அதிகம்னு வெச்சுக்கோங்க. அந்த 4 கிலோ உங்களைக் கீழ இழுக்கும். அதை ஈடுகட்ட நீங்க என்ன பண்ணுவீங்க?

தொகுப்பாளர்: பிசிடில காத்து ஊதுவேன்.

பயிற்சியாளர்: எவ்வளவு? ஒரு லிட்டர் காத்து ஒரு லிட்டர் தண்ணியைத் தள்ளும். அது ஏறக்குறைய ஒரு கிலோ தூக்கும். அப்போ 4 கிலோ அதிக ஈயத்துக்கு 4 லிட்டர் அதிகக் காத்து. சரியான எடையில இருந்திருந்தா அந்த நேரத்துல பிசிடில ஒரு லிட்டர் இருந்திருக்கும்னு வைப்போம். உங்களுக்கு 5 லிட்டர் இருந்திருக்கும். ரெண்டு பேரும் 12 மீட்டர்ல ஒரே மாதிரி அசையாம நிப்பாங்க. வெளிய இருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது.

இப்போ மேல வரலாம். 12 மீட்டர்ல அழுத்தம் 2.2 பார். 5 மீட்டர்ல 1.5 பார். அழுத்தம் குறைஞ்சா காத்து அதே விகிதத்துல விரியும். சரியான எடையில இருக்கிறவரோட ஒரு லிட்டர், கிட்டத்தட்ட ஒண்ணரை லிட்டர் ஆகும். அரை கிலோ மிதப்பு கூடுது. மூச்சை நல்லா விட்டாலே அதைச் சமாளிக்கலாம். உங்களோட 5 லிட்டர் என்ன ஆகும்?

தொகுப்பாளர்: ஏழு லிட்டருக்கு மேல?

பயிற்சியாளர்: 7.3. ரெண்டு கிலோவுக்கு மேல மிதப்பு கூடுது. மூச்சால அதைப் பிடிக்க முடியாது. வேகம் கூடக் கூட இன்னும் விரியும், விரிய விரிய வேகம் இன்னும் கூடும். நீங்க சொன்ன கார்க் அதுதான். அதோட, பட்டனை அழுத்தினேன்னு சொன்னீங்களே, அப்போ அந்தக் குழாய் எங்க இருந்துச்சு?

தொகுப்பாளர்: குழாயா? கையில... நெஞ்சுகிட்ட பிடிச்சிருந்தேன்.

பயிற்சியாளர்: காத்து எப்பவும் உயரமான இடத்துக்குத்தான் போகும். உங்க பிசிடிக்குள்ள காத்து தோள் பக்கம் போய் நிக்குது. நீங்க குழாய் முனையை நெஞ்சுகிட்ட வெச்சு பட்டனை அழுத்தறீங்க. வாசல் கீழ இருக்கு, கூட்டம் மாடியில இருக்கு. எப்படி வெளிய வரும்? குழாயை இடது தோளுக்கு மேல, தலைக்கு மேல நேரா தூக்கிட்டு அழுத்தணும். உடம்பும் நிமிர்ந்து இருக்கணும். அப்புறம் இன்னொண்ணு, அந்த வாடகை பிசிடி என்ன சைஸ்?

தொகுப்பாளர்: லார்ஜ். எனக்கு ஸ்மால்தான் சரியா இருக்கும். அன்னைக்கு அதுதான் இருந்துச்சு.

பயிற்சியாளர்: பெரிய சைஸ்ல பை உடம்போட ஒட்டாது. தோளுக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கும், காத்து மூலைமுடுக்குல போய் உக்காந்துக்கும். ஆக அன்னைக்கு மூணு தப்பு சேர்ந்துச்சு: அதிக ஈயம், பெரிய சைஸ், குழாயைத் தூக்காதது. பிசிடியோட ரகம் அந்தப் பட்டியல்லயே இல்ல. இப்போ சொல்லுங்க, ஆன்லைன்ல என்ன பார்த்து வெச்சிருக்கீங்க?

தொகுப்பாளர்: சொல்லவே கூச்சமா இருக்கு. 20 கிலோவுக்கு மேல தூக்கும்னு போட்டிருக்கிற பெரிய ஜாக்கெட். சக்தி அதிகம்னா பாதுகாப்பு அதிகம்னு நினைச்சேன்.

எவ்வளவு தூக்கும் திறன் போதும்?

பயிற்சியாளர்: எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. வாங்க, கூட்டிப் பார்ப்போம். சரியா எடை கட்டின ஆள், டைவ் ஆரம்பத்துல டேங்க் காத்தோட எடை அளவுக்குக் கனமா இருப்பார். ரெண்டரை கிலோன்னு வைங்க. 30 மீட்டர்ல 3 மில்லிமீட்டர் சூட் நசுங்கினா இன்னொரு ஒண்ணரை, ரெண்டு கிலோ. ஆக மொத்தம் 4, 5 கிலோ. தண்ணிக்கு அடியில அவ்வளவுதான் தேவை.

அடுத்தது மேல்மட்டம். டைவ் முடிஞ்சு படகுக்காகக் காத்திருக்கணும், அலை அடிக்குது, தலை தண்ணிக்கு வெளிய இருக்கணும். தண்ணிக்கு வெளிய தூக்கற தலைக்கு 4, 5 கிலோ தூக்கல் வேணும். அதையும் சேர்த்தா 8 கிலோ பக்கம். மூணாவதா, தண்ணியில கழட்டிட்டா பிசிடி தன்னைத்தானே மிதக்க வைக்கணும், அதாவது டேங்க், ரெகுலேட்டர், அதுல செருகின ஈயம் எல்லாத்தோடயும். எப்படிக் கூட்டினாலும், நம்ம மாதிரி வெதுவெதுப்பான கடல்ல ஒத்தை டேங்க்குக்கு 11ல இருந்து 14 கிலோ தாராளம். குளிர்ந்த கடல்ல 7 மில்லிமீட்டர் சூட்டும் அதுக்கேத்த ஈயமும் போட்டா இன்னும் வேணும். அது வேற கணக்கு.

தொகுப்பாளர்: அதிகமா இருந்தா என்ன கெடுதல்? தேவைன்னா மட்டும் ஊதிக்கலாமே.

பயிற்சியாளர்: பெரிய பைல கொஞ்சம் காத்து இருந்தா அது அங்கயும் இங்கயும் உருளும். ஒரு பக்கம் சாயும்போது காத்து முழுக்க அந்தப் பக்கம் ஓடும். முழுசா வெளியேத்தறதும் கஷ்டம், மடிப்புல மாட்டிக்கும். நீந்தறப்போ தண்ணியும் பெரிய பையைப் பிடிச்சு இழுக்கும். எல்லாத்தையும் விட, அதிக ஈயத்தை மறைக்கற வசதியை அது குடுக்குது. சின்னப் பைன்னா தப்பு உடனே தெரியும்.

இன்னொண்ணு, லேபிள்ல சில கம்பெனி நியூட்டன்ல போடும், சிலது பவுண்ட்ல போடும். நியூட்டனை 10ஆல வகுத்தா ஏறக்குறைய கிலோ. பவுண்டை 2.2ஆல வகுக்கணும். 30 பவுண்ட்னா பதிமூணரை கிலோ. பெரிய எண்ணைப் பார்த்து மயங்கிடாதீங்க.

ஜாக்கெட், பின்பக்கப் பை, விங்

தொகுப்பாளர்: சரி, இப்போ ரகங்களுக்கு வருவோம். கடைக்குப் போனா மூணு மாதிரி தொங்குது.

பயிற்சியாளர்: முதல் ரகம் ஜாக்கெட். காத்து முதுகு, விலா, இடுப்புப் பக்கம் எல்லாம் சுத்தி வரும். மேல்மட்டத்துல நிமிர்ந்து, நிம்மதியா மிதக்க வைக்கும். முதல் முறை கடல்ல இறங்கறவங்களுக்கு அது பெரிய ஆறுதல், அதான் எல்லா டைவ் சென்டரும் இதையே வெச்சிருக்கு. பாக்கெட்டும் இருக்கும். குறைன்னா, நிறைய ஊதினா விலாவை இறுக்கும். காத்து இடுப்பைச் சுத்தி இருக்கறதால தண்ணிக்குள்ள உடம்பைப் படுக்கை வாட்டத்துல வைக்கறது கொஞ்சம் கஷ்டம், கால் கீழ தொங்கும். தொங்கற துடுப்பு பவளத்துல படும், மணலைக் கிளப்பும்.

ரெண்டாவது, காத்து முழுக்க முதுகுப் பக்கம் மட்டும் இருக்கிற ரகம். பார்க்க ஜாக்கெட் மாதிரிதான் இருக்கும், பாக்கெட், மெத்தை எல்லாம் உண்டு. முன்பக்கம் காலியா இருக்கறதால மூச்சு விட சுகம், தண்ணிக்குள்ள படுக்கை வாட்டம் தானா வரும்.

மூணாவது, பேக்பிளேட்டும் விங்கும். இது தனித்தனி உறுப்பு. முதுகுல ஒரு உலோகத் தகடு, அதுல கோத்த 50 மில்லிமீட்டர் அகலப் பட்டை, தகடுக்கும் டேங்க்குக்கும் நடுவுல வட்டமாவோ குதிரை லாடம் மாதிரியோ ஒரு காத்துப் பை. பட்டையை உங்க உடம்புக்கு அளந்து வெட்டிக்கணும். ஒரு பகுதி கெட்டா அதை மட்டும் மாத்தலாம். குகை டைவர்கள் கிட்ட இருந்து வந்த ஏற்பாடு இது, அதான் தேவையில்லாதது எதுவும் இருக்காது.

தொகுப்பாளர்: இந்தப் பின்பக்க ரகம் மேல்மட்டத்துல முகத்தைத் தண்ணிக்குள்ள தள்ளும்னு சொல்றாங்களே?

பயிற்சியாளர்: பாதி உண்மை. முழுசா ஊதினா தள்ளும், ஏன்னா காத்து முதுகுல இருக்கு, ஈயம் வயித்துப் பக்கம் இருக்கு. தேவையான அளவு மட்டும் ஊதிட்டு, நாற்காலியில சாயற மாதிரி பின்னால சாய்ஞ்சா போதும். ரெண்டு கிலோவை டேங்க் பட்டையில இருக்கிற பையில மாத்தினா இன்னும் சரியாயிடும். ஆனா ஒண்ணை எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கணும். ஜாக்கெட்டோ விங்கோ, எந்த பிசிடியும் லைஃப் ஜாக்கெட் இல்ல. மயங்கின ஆளோட முகத்தை அது தானா வானம் பார்க்கத் திருப்பும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. உள்பக்க லேபிள்லயே எழுதியிருப்பாங்க, யாரும் படிக்கறதில்ல.

தொகுப்பாளர்: அப்போ விங்தான் சிறந்ததா? இணையத்துல ஒரு கூட்டம் அப்படித்தான் சண்டை போடுது.

பயிற்சியாளர்: தகடு எதுன்னு பார்க்கணும். இரும்புத் தகடு ரெண்டரை கிலோ பக்கம் இருக்கும். குளிர் கடல்ல 10 கிலோ ஈயம் கட்டறவருக்கு அது வரம், இடுப்புப் பாரம் குறையும். நம்ம கடல்ல மெல்லிசு சூட்ல 4 கிலோவே போதும்ங்கறவருக்கு அது மிச்ச ஈயத்தை ஒண்ணு ரெண்டு கிலோவாக் குறைச்சிடும். ஆபத்துல தூக்கிப் போடக்கூடிய எடை கையில இல்லாமப் போயிடும், தகடைக் கழட்டிப் போட முடியாதே. நமக்கு ஒரு கிலோ சுத்தி இருக்கிற அலுமினியத் தகடு சரியா வரும். அந்தமான் போறவங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. விமானத்துல பெரும்பாலும் 15 கிலோதான் பெட்டி. கனமான ஜாக்கெட் ஒண்ணு 4 கிலோ பிடிச்சுக்கும். பயணத்துக்குன்னு செய்யற மடிக்கிற ரகம் ரெண்டு, ரெண்டரை கிலோதான் இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை, நாலு டைவ் அடிக்கறவங்க வாடகைக்கே எடுக்கலாம், தப்பே இல்ல. வருஷத்துக்கு ரெண்டு மூணு பயணம் போறவங்க வாங்கலாம். எதை வாங்கறதுன்னா, மூணு ரகத்தையும் ஒவ்வொரு டைவாவது போட்டுப் பாருங்க. தண்ணிக்குள்ள எதை மாட்டியிருக்கோம்ங்கறதே மறந்து போகுதோ அது உங்களோடது.

கடையில் மாட்டிப் பார்க்கும்போது

தொகுப்பாளர்: சைஸ் எப்படிப் பார்க்கறது? பெண்களுக்கு இது பெரிய தலைவலி. நெஞ்சுல இறுக்கும், தோள்ல தளரும்.

பயிற்சியாளர்: எந்த சூட்டோட டைவ் பண்ணப் போறீங்களோ அதைப் போட்டுக்கிட்டு மாட்டணும். பட்டையெல்லாம் இறுக்கிட்டு, காத்தை முழுசா ஊதி, ஆழமா மூச்சு இழுத்துப் பாருங்க. விலாவைப் பிடிச்சா அது வேணாம். அப்புறம் யாரையாவது தோள் பட்டையைப் பிடிச்சு மேல தூக்கச் சொல்லுங்க. காது வரைக்கும் ஏறிச்சுன்னா பெரிய சைஸ். கடல்லயும் அப்படித்தான் ஏறும். பெண்களுக்குன்னு வெட்டின மாடல்ல முதுகு நீளம் குறைவா, தோள் பட்டை வளைஞ்சு நெஞ்சை விட்டு விலகிப் போகும். அது கிடைக்கலைன்னா அளந்து வெட்டற ஹார்னஸ் நல்ல தீர்வு. தொடை நடுவுல போற பட்டை இருந்தா எதுவுமே மேல ஏறாது.

அடுத்து கண்ணை மூடிக்கிட்டு ஒரு சோதனை. காத்து ஊதற பட்டன் எது, விடற பட்டன் எது, தோள் வால்வோட கயிறு எங்க, இடுப்புக்குப் பின்னால இருக்கிற வால்வோட கயிறு எங்க? நாலையும் கையுறையோட தடவிக் கண்டுபிடிக்கணும். தலைகீழா இருக்கறப்போ இடுப்பு வால்வுதான் உயரமான இடம், காத்தை அதுவழியாத்தான் விட முடியும். அது எட்டலைன்னா அந்த மாடல் உங்களுக்கு இல்ல.

தொகுப்பாளர்: வெயிட்டை பிசிடிலயே செருகற பை நல்லதா, பெல்ட் நல்லதா?

பயிற்சியாளர்: பை இடுப்புக்கு சுகம். ஒரே இழுப்புல கழட்டிப் போடலாம். ஆனா கொக்கி சரியா மாட்டலைன்னா ஒரு பை தானா விழுந்து, நீங்க ஒரு பக்கமா மேல போக ஆரம்பிச்சிடுவீங்க. மாட்டினதும் இழுத்துப் பார்க்கணும். நம்ம பக்கம் இன்னொரு பிரச்சனையும் இருக்கு. பல இடத்துல படகு சின்ன ஃபைபர் படகு. தண்ணியில இருந்தே பிசிடியைக் கழட்டி மேல குடுக்கணும். டேங்க், ரெகுலேட்டர், ஈயம் எல்லாம் ஒண்ணா இருந்தா மேல இருக்கிறவர் முதுகு போயிடும். முதல்ல ஈயப் பையை உருவிக் குடுத்துட்டு, அப்புறம் மீதியைக் குடுங்க. பாதி பெல்ட், பாதி பை வெச்சுக்கறதும் நல்ல வழி.

பழசு வாங்கலாமா?

தொகுப்பாளர்: பழசு வாங்கலாமா?

பயிற்சியாளர்: வாங்கலாம், சோதிச்சிட்டு வாங்கணும். அதிக அழுத்தம் வந்தா தானா திறக்கற வால்வு ஒண்ணு இருக்கும். அது திறக்கற வரைக்கும் ஊதி, ஒரு ராத்திரி அப்படியே விடுங்க. காலையில தொய்ஞ்சிருந்தா எங்கயோ கசியுது. தண்ணித் தொட்டியில அமுக்கினா குமிழ் காட்டிக்குடுக்கும். நெளிநெளியான குழாயை இழுத்து மடிப்புக்குள்ள பாருங்க, விரிசல் இருக்கா? உள்ள தண்ணி விட்டுக் குலுக்கிக் கொட்டுங்க. உப்புக் கல் கல்லா வந்தா வெச்சிருந்தவர் கழுவினதே இல்லன்னு அர்த்தம்.

அந்த உப்பு சின்ன விஷயம் கிடையாது. ஊதற பட்டனுக்குள்ள உப்போ மணலோ சிக்கினா, அழுத்தினது திரும்பி வராது, காத்து தானா உள்ள போய்க்கிட்டே இருக்கும். எனக்கே ஒரு தடவை 18 மீட்டர்ல நடந்திருக்கு. யாரையும் குறை சொல்ல முடியாது. முந்தின வாரம் அவசரத்துல அலசாம மாட்டிட்டுப் போனது நான்தான். நல்ல வேளை, கை பழகியிருந்துச்சு: ஒரு கை காத்தை விட்டுக்கிட்டே இருக்கு, இன்னொரு கை அந்தக் குழாயோட இணைப்பைப் பிடுங்கிடுச்சு. இணைப்பு போனா காத்து வராது. அப்புறம் தேவைப்பட்டா வாயால ஊதிக்கலாம், அதுக்கும் அந்தக் குழாய்லயே வழி இருக்கு. எந்த பிசிடி வாங்கினாலும் முதல் வாரம் நீச்சல் குளத்துல இந்த இணைப்பைக் கழட்டி மாட்டிப் பழகுங்க.

கழுவறதுக்கு நல்ல தண்ணி வேணும். கடற்கரை ஓரம் பல வீட்டுல போர் தண்ணியே உப்பு, அதுல கழுவிப் பிரயோஜனம் இல்ல. வெளிய அலசி, உள்ளயும் கொஞ்சம் தண்ணி விட்டுக் குலுக்கி, குழாய் வழியா வடிச்சு, பாதி காத்து ஊதி நிழல்ல தொங்க விடுங்க. மொட்டை மாடி வெயில்ல போட்டா துணியும் தையலும் சீக்கிரம் போயிடும்.

அப்போ நான் என்ன பண்ணணும்?

தொகுப்பாளர்: அண்ணா, என் பணத்தை என்ன பண்ணட்டும்?

பயிற்சியாளர்: இப்போதைக்கு வெச்சிருங்க. முதல்ல ஒரு எடைச் சோதனை. டைவ் முடிவுல, டேங்க்ல 50 பார் இருக்கறப்போ, பிசிடில காத்து துளிகூட இல்லாம, நிமிர்ந்து அசையாம நில்லுங்க. சாதாரண மூச்சைப் பிடிச்சிருந்தா தண்ணி கண் மட்டத்துல நிக்கணும். மூச்சை விட்டா மெதுவா முங்கணும். சட்டுனு முங்கினா ஈயம் அதிகம், ஒவ்வொரு கிலோவாக் குறைங்க. முழு டேங்க்கோட சோதிச்சா, செலவாகப் போற காத்துக்காக ரெண்டு கிலோ சேர்த்துக்கணும். நீச்சல் குளத்துல கண்டுபிடிச்ச எண்ணைக் கடலுக்கு அப்படியே எடுத்துட்டுப் போகாதீங்க, உப்புத் தண்ணியில ரெண்டு, ரெண்டரை கிலோ கூட வேணும். கண்டுபிடிச்சதும் எழுதி வைங்க: எந்தக் கடல், எந்த சூட், எந்த டேங்க், எத்தனை கிலோ.

அதுக்கப்புறம் ஒரு பயிற்சியாளரோட, 6, 7 மீட்டர் ஆழத்துல, சரியான சைஸ் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு ஒரு டைவ். குழாயை மேல தூக்கி, நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல போகாம ஏறிப் பழகுங்க. நடுவுல நின்னு நின்னு வாங்க. அது ரெண்டு தடவை சரியா வந்தா பயம் பாதி போயிடும். பிசிடியை அப்புறம் வாங்குங்க.

தொகுப்பாளர்: நான் ஒரு கருவியை வாங்கினா பயம் போயிடும்னு நினைச்சேன். நீங்க 4 கிலோ ஈயத்தைக் கழட்டுன்னு சொல்றீங்க.

பயிற்சியாளர்: அதுக்குப் பணமும் ஆகாதேம்மா.

*பதிவுக்குப் பின் தொகுப்பாளரின் குறிப்பு:* இந்த உரையாடல் முடிந்து மூன்று வாரம் கழித்து நான் மறுபடி கடலில் இறங்கினேன். ஒவ்வொரு கிலோவாகக் குறைத்து ஐந்தரை கிலோவில் நின்றது. பயிற்சியாளர் பக்கத்திலேயே இருந்தார். 5 மீட்டரில் மூன்று நிமிடம், கயிற்றைப் பிடிக்காமல் நின்றேன். முதுகில் இருந்தது அதே வாடகை ஜாக்கெட்தான், இந்த முறை ஸ்மால் சைஸ். அந்த 20 கிலோ ஜாக்கெட்டை ஆன்லைன் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டேன். அடுத்த பயணத்தில் பின்பக்கப் பை ரகம் ஒன்றையும், அலுமினியத் தகடு வைத்த விங் ஒன்றையும் போட்டுப் பார்க்கப் போகிறேன். எது பிடித்தது என்று இன்னொரு அத்தியாயத்தில் சொல்கிறேன். நீங்கள் கடைசியாகப் போன டைவில் எத்தனை கிலோ கட்டினீர்கள், அது சரியா என்று யாராவது சோதித்தார்களா? அடுத்த முறை படகில் ஏறும் முன் அதை ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.